வடித்த கஞ்சி

அடுத்தவர் வீட்டு அரிசியையும் மலத்தையும் டப்பாவில் வாங்கி வருவதுதான் என் வேலை. வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிழைக்கும் சகபாவிகளே, இதை முதல் தடவை வாய்விட்டுக் கேட்பதற்குள் எனக்கு எப்படி வியர்க்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

டப்பா

அரிசியில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தால், சாப்பிட்ட பிறகு அதில் எவ்வளவு உடம்பில் சேருகிறது, குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அதை என்ன செய்கின்றன என்று பார்க்கிற ஆய்வு. பாகூர் பக்கம் செல்வி வீட்டில் இதை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவள் இடுப்பில் கைக்குழந்தை. அப்போதுதான் சோறூட்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் கணவர் முருகன் சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெசம் இருக்குதான்னு நெல்ல பாருங்க மேடம். எங்க வயித்துல உங்களுக்கு இன்னா வேலை?"

வெள்ளை அரிசி

கடைசியில் கொடுத்தார்கள். ஆனால் அரிசி டப்பாவில் இருந்தது பளபளவென்று சன்ன ரகம். அடுப்பில் வெந்துகொண்டிருந்ததோ மோட்டா அரிசி. விசாரித்தால், தவளக்குப்பம் கடையில் எனக்காகவே வாங்கி வந்தார்களாம். தின்பது ஒன்று, சோதிப்பது வேறொன்று என்றால் ஆய்வு என்ன ஆவது? இன்னும் எத்தனை வீட்டில் இப்படியோ என்று எனக்குப் பகீரென்றது. முருகனுக்கு என் பதற்றம் புரியவேயில்லை.

"நாங்க துன்றதையா குடுத்தனுப்ப முடியும்? நாலு பேரு பாக்கற எடமாச்சே."

கஞ்சி

பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று செல்வி கேட்டாள். ஒரே பானைச் சோறுதான், ஆனாலும் ஒவ்வொரு வயிறும் ஒவ்வொரு விதமாக ஏற்றுக்கொள்ளும், முடிவு வர மாசக்கணக்காகும் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தவரை அவள் கை குழந்தையின் வயிற்றைவிட்டு நகரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. "நல்லா களைஞ்சு, நிறைய தண்ணி வெச்சு, வடிச்சிடும்மா. நஞ்சு இருந்தா கொஞ்சம் தண்ணியோட போயிடும்" என்றேன். அவள் முகம் தெளிந்தது.

அடுத்த முறை போனபோது சோற்றைப் பதமாக வடித்து வைத்திருந்தாள். மடியில் குழந்தை ஒரு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது. அதில் என்ன என்று கேட்டேன்.

"நீங்க சொன்னாப்புலயே வடிச்சிட்டேன்க்கா. சோத்த நாங்க துன்னுக்கறோம். சத்தெல்லாம் கஞ்சிலதான, அத புள்ளைக்கு ஊத்திடறேன்."

இப்போதெல்லாம் கஞ்சியைக் கொட்டும்வரை நானே பக்கத்தில் நிற்கிறேன். அது போய் விழும் கழுநீர்த் தொட்டியில் மாடு வாய் வைக்கிறது, அந்த மாட்டின் பால் யாருக்கு என்று கேட்கத்தான் எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.