மாடி வீட்டுக்கு அப்பா எழுதாத கடிதம்

சபை இதழில் அப்பாவைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. நான் எழுதிக் கொடுத்ததுதான். பெயர் தனசீலன். பிறந்தது 1953, சாயர்புரம் பக்கம். பம்பாய் வந்தது 1969. தோல் பைப் பட்டறைகளில் வெட்டு வேலை. தாராவித் தமிழ்ச் சபையில் இருபத்திரண்டு வருடம் கமிட்டிச் செயலாளர். மனைவி ரோஸி முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் ஜெனிஃபர். 2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை காலை, வீட்டில், மாரடைப்பு.

அதில் பிழை எதுவும் இல்லை. விட்டுப்போனவை உண்டு. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

பட்டறையில் சம்பாதித்தார் என்றாலும், தெருவில் அப்பாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கடிதம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் ரேஷன் கார்டுக்கு, வாடகை அறைக்கு, வேலைக்கு, ஒரு அறிமுகக் கடிதம் வேண்டும். சபை முத்திரையோடு அப்பா எழுதித் தருவார். 'இவரைச் சிறு வயது முதல் அறிவேன்.' அன்று காலைதான் முதல்முறை பார்த்திருப்பார்.

எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பார். உங்கள் ஊர் வேதக் கோயிலில் மணி எந்தப் பக்கம் தொங்குகிறது? உபதேசியார் பெயர் என்ன? பஸ் எங்கே நிற்கும்? அந்தக் காலத்தில் வி.டி. ஸ்டேஷனில் ஒரு புரோக்கர் இருந்தானாம். காசு வாங்கிக்கொண்டு பையன்களுக்குப் பதில் சொல்லிக் கொடுத்து அப்பாவிடம் அனுப்புவான். அவர்கள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நிஜமாகவே ஊரிலிருந்து வந்தவன் திக்குவான், யோசிப்பான், மணி வலது பக்கம் என்று சொல்லிவிட்டு இல்லை இடது பக்கம் என்பான். திக்குகிறவனுக்குக் கடிதம். ஒப்பிக்கிறவனுக்குக் கிடையாது. இதில் தான் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பது அப்பாவின் பெருமை.

அவருக்காகவும் ஒருவர் அப்படித் தெரிந்தவர்போலச் சொல்லியிருந்தார். வந்த இரண்டாவது மாதம் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே நான்கு பேர் நிறுத்தி, லுங்கியைப் பிடித்து இழுத்து, எந்த ஊர்க்காரன், எவன் வேலையைப் பிடுங்க வந்தாய் என்று கேட்டார்கள். தென்னிந்தியர்களை விரட்ட வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசிய காலம் அது. கன்னத்தில் இரண்டு அறை. முன்பின் தெரியாத ஒரு கடைக்காரர் வெளியே வந்து, "என் அக்கா மகன், விடுங்க" என்று சொல்லி உள்ளே இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பா லுங்கியோடு வாசலைத் தாண்டியதில்லை. குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் பேண்ட்தான். எங்கள் சந்தில் அந்த வயதுக்காரர்கள் பலரும் அப்படியே.

2018இல் மாடி அறையை பைசானுக்கு வாடகைக்கு விட்டார். மேற்கு வங்காளம், மால்டா மாவட்டம். ஜரிகை வேலைக்காரர். மனைவி ஃபர்ஸானா. மறு வருடம் சயான் ஆஸ்பத்திரியில் ஷைஸ்தா பிறந்தாள். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. போலீசில் கொடுக்க வேண்டிய வாடகைதாரர் படிவத்தையும் கொடுக்கவில்லை. எங்கள் சந்தில் யாரும் கொடுப்பதில்லை. பைசானிடம் அப்பா கேள்வியும் கேட்கவில்லை. பைசானின் விரல்களைப் பார்த்தார், ஊசி குத்திய தழும்புகளைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார். ஷைஸ்தா தமிழ் பேசக் கற்றுக்கொண்டது அப்பாவிடம்தான். "ஏல தாத்தா" என்று கூப்பிடுவாள். அவர் திருத்தியதில்லை.

நான் நெட்வொர்க் இன்ஜினியர். விக்ரோலியில் வேலை, செம்பூரில் குடியிருப்பு. 2023 டிசம்பரில் அப்பாவுக்கு ஃபைபர் இணைப்பு போட்டுக் கொடுத்தேன். பெரிய டிவி, புது போன். தனியாக இருக்கிறார், பொழுது போகட்டும் என்று நினைத்தேன். அது வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியும். ஒரு வீடியோவைக் கடைசிவரை பார்த்தால் அதே மாதிரி இன்னும் பத்து வரும். நிறுத்தாவிட்டால் அடுத்தது தானாக ஓடும். அப்பாவுக்கு நிறுத்தத் தெரியாது. அணைக்கத்தான் தெரியும், அதையும் செய்வதில்லை.

முதலில் பிரசங்கங்கள் பார்த்தார். பிறகு செய்தி. பிறகு செய்தி என்ற பெயரில் கத்தல். ஊடுருவல்காரர்கள், கள்ள ஆதார், எல்லை தாண்டி வந்து நம் சோற்றைத் தின்கிறவர்கள். தேர்தல் வந்தது. மேடையில் சொன்னதை டிவி சொன்னது, டிவி சொன்னதை எங்கள் சந்தின் வாட்ஸ்அப் குழு சொன்னது, அதை அப்பா என்னிடம் சொன்னார். நான், "சரிப்பா" என்பேன். மறுத்துப் பேசப் பொறுமை இல்லை. வாரத்தில் ஒருநாள் வருகிறேன், சண்டை எதற்கு.

சுடலை மாமா மட்டும் விடமாட்டார். முனையில் டீக்கடை வைத்திருக்கிறார், அப்பாவோடு ஐம்பது வருடப் பழக்கம். இந்த வருடம் ஏப்ரலில் ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன்.

"வே தனசீலா, இன்னைக்கு டிவியில எத்தன பேரு பார்டர் தாண்டுனான்?"

"சிரிக்காதீரும் வே. நம்ம ஏரியாவுலயே நெறைய பேரு இருக்கானாம்."

"நம்ம ஏரியாவுல நெறைய பேரு தின்னவேலிக்காரன்லா. ஒம்மத்தான் மொதல்ல புடிப்பான்."

"நான் அம்பது வருசமா வோட்டு போடுதேன்."

"மாடியில இருக்கவனும் போடுதான். கார்டு வச்சிருக்கான்."

"அது டூப்ளிகேட்டா இருக்கும்."

"ஒம்ம மொத ரேஷன் கார்டு மட்டும் பக்காவாக்கும்? பதினாறு வயசுப் பயலுக்கு இருவத்தொண்ணுன்னு போட்டு வாங்குனீரே! எடுத்துட்டு வாரும், பாப்போம்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதன் பிறகு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் டிவியின் ஒலியைக் குறைத்துக் காதைத் தீட்டுவார். மேலே யார் போகிறார்கள், எத்தனை பேர், கையில் என்ன. "புதுசா ஒருத்தன் வந்து போறான்," என்றார் ஒருநாள். ஜரிகை நூல் கொண்டுவருகிற ஆள்தான், எட்டு மாதமாக வருகிறவர்.

ஜூன் 12, வியாழக்கிழமை, பைசானைப் போலீஸ் கூட்டிப் போனது. சந்தில் இன்னும் மூன்று பேரையும். ஆதார், வாக்காளர் அட்டை, எல்லாவற்றையும் காட்டினார். இதெல்லாம் யாருக்கும் கிடைக்கும் என்றார்களாம். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் எல்லை தாண்டி வந்தவர்கள் என்று படத்தோடு ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அப்படி இல்லை, வருடக்கணக்காக இங்கே இருக்கிறோம் என்று காட்ட ஃபர்ஸானாவுக்கு ஒரு காகிதம் வேண்டும். எழுதக்கூடியவர் வீட்டுச் சொந்தக்காரரான அப்பாதான். இல்லையென்றால் பைசானை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்து சந்தில் பேசிக்கொண்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் உண்டு என்றும் சொன்னார்கள்.

ஞாயிறு மாலை நான் போயிருந்தபோது அவள் கீழே வந்து வாசலில் நின்றாள். ஷைஸ்தா அவள் துப்பட்டாவைப் பிடித்திருந்தாள்.

"அங்கிள், ஒரு லெட்டர். ஏழு வருசம் இங்க இருக்கோம்னு. அவ்ளோதான்."

அப்பா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"ஊருக்குப் போனா எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "மால்டா டவுன்."

"அங்கேருந்து?"

"பஸ். மானிக்சக். அப்புறம் டோட்டோ, பேட்டரி ஆட்டோ. நடந்தா அரை மணி."

"படிச்ச ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் யாரு?"

"நிர்மல் மண்டல் சார். ஸ்கூல் இப்ப இல்ல அங்கிள். கங்கா இழுத்துட்டுப் போச்சு. 2016, ஆகஸ்ட். எங்க வீடும் போச்சு."

அந்தப் பதில்கள் சரியா தவறா என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? சாயர்புரத்துப் பையனைக் கேட்ட கேள்விகளை மாற்றிக் கேட்டார், அவ்வளவுதான். என்னைப் பார்க்கச் சொன்னார். போனில் வரைபடத்தைத் திறந்தேன். ஸ்டேஷன், பஸ் பாதை, தூரம், எல்லாம் பொருந்தின. பழைய செயற்கைக்கோள் படத்தில் ஊர் இருந்த இடத்தில் இப்போது ஆறு இருந்தது.

"சரியா இருக்குப்பா."

"நாளைக்குப் பாப்போம்," என்றார் அவளிடம். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

அவள் போனதும் குரலைத் தாழ்த்தினார். "பாத்தியாட்டி? ஒரு எடத்துலயாவது திக்குனாளா?"

"அதுக்கு?"

"நெசமான ஆளு திக்கும் மக்கா. தேதி, மாசம், வாத்தியாரு பேரு... எவனோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கான். டிவிலயும் அதைத்தான் சொல்லுதான், எல்லாத்துக்கும் டிரெய்னிங் உண்டுன்னு."

"வீடு ஆத்துல போன நாள் மறக்குமாப்பா?"

"நீ சும்மா இரு. ஒனக்கு ஆளுகளத் தெரியாது."

சும்மா இருந்தேன். செம்பூர் திரும்பும் வழியில் அந்த வரைபடத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

திங்கள் அவர் எழுதவில்லை. செவ்வாய்க் காலை ஆறரைக்கு, டிவி ஓடிக்கொண்டிருக்க, நாற்காலியிலேயே போய்விட்டார். மேலிருந்து முதலில் இறங்கி வந்தது ஃபர்ஸானா. எனக்கு போன் செய்ததும் அவள்தான்.

புதன்கிழமை சயான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. மூன்று நாளும் ஃபர்ஸானா டீயும் பாவ் ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்தாள். சபைப் பெண்கள் டம்ளரை வாங்கித் தரையில் வைத்தார்கள், குடிக்கவில்லை.

"இவ எதுக்கு இப்படி விழுந்து விழுந்து செய்யுதா?" என்றார் சீனியம்மாள் அத்தை என் காதருகே. "காரியம் இல்லாம செய்யமாட்டா. பாத்துக்கோ."

நானும் அதையேதான் நினைத்தேன். அவள் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவின் போனைத் திறந்தேன். தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்ப எண்கள் வேண்டியிருந்தது. சந்தின் குழுவில் மேலே போனேன். மே 14, காலை 6.40. பைசான் மாடிப்படியில் லுங்கியோடு உட்கார்ந்து பல் தேய்க்கிறார். பக்கத்தில் ஷைஸ்தா. அனுப்பியது அப்பா. உடன் ஒரு குரல் பதிவு: "நம்ம மாடியில இருக்கானுவ. எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க."

படத்தின் விவரங்களைப் பார்த்தேன். அவர் போனில் எடுத்ததுதான். எங்கள் ஜன்னலிலிருந்து.

நான்கு நாள் கழித்து அதே படம் வேறு யாரோ வழியாக அதே குழுவுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இப்போது அடியில் இந்தியில் நீளமான வாசகம். இரண்டு மாதத்துக்கு முன் வந்தவர்கள் என்பது அதில்தான் இருந்தது. அப்பாவுக்கு இந்தி எழுதத் தெரியாது, அந்த வாசகம் அவருடையது இல்லை. படிக்கத் தெரியும். ஏழு வருடமாக மாடியில் இருப்பவரைப் பற்றி அதைப் படித்துவிட்டு, கீழே கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றைப் போட்டிருந்தார்.

அந்தக் கட்டைவிரலை அழிக்க எனக்கு ஒரு நொடி போதும். அழிக்கவில்லை. அழிக்கலாமா என்று ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை கடிதம் எழுதி, அப்பாவின் இறப்புச் சான்றும் வீட்டுப் பத்திரமும் எடுத்துக்கொண்டு ஃபர்ஸானாவோடு போலீஸ் ஸ்டேஷன் போனேன். அதிகாரி படித்தார். அப்பா உயிரோடிருந்தபோது ஏன் தரவில்லை என்று இந்தியில் கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கடிதத்தை அவர் விரலால் தட்டினார். செத்தவர் சொல்லாததை மகள் சொன்னால் எப்படி நம்புவது என்றார்.

போனை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இந்தப் படத்தை எடுத்து அனுப்பியது என் அப்பா. இரண்டு மாதம் என்பது பொய் என்று அவருக்குத் தெரியும். கடிதம் தந்தால் அது வெளியே வரும், அதனால்தான் தரவில்லை."

அவர் படத்தைப் பார்த்தார், குரல் பதிவைக் கேட்டார், ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். அப்பாவின் குரல் அந்த அறையில் இரண்டு முறை ஓடியது. படிவம் கொடுக்காததற்கு வீட்டுக்காரர்மேல் வழக்கு வரும் என்றார். வீட்டுக்காரர் இல்லை என்றேன். அப்படியென்றால் உங்கள்மேல் என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தந்தார்.

வெளியே வந்ததும் ஃபர்ஸானா நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மன்னிச்சிரு," என்றேன்.

"எனக்கு முதல்லயே தெரியும் தீதி. அந்த போட்டோ உங்க ஜன்னல்லேருந்துதான் எடுக்க முடியும்."

"தெரிஞ்சுமா டீ கொண்டுவந்த?"

"லெட்டர் வேணும்ல." சாலையில் ஆட்டோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க ஒருத்தர்தான் எழுத முடியும். கோபமா இருந்தா எழுதுவீங்களா?"

பைசான் ஜூன் 28 அன்று வந்தார். மால்டாவிலிருந்தும் போலீஸ் பதில் வந்திருந்தது. எந்தக் காகிதம் வேலை செய்தது என்று யாரும் சொல்லவில்லை. ஜூலை முதல் வாரம் கல்யாண் பக்கம் அறை பார்த்துக்கொண்டு காலி செய்தார்கள். நான் அன்று விக்ரோலியில் இருந்தேன். மாடி அறைச் சாவியை என்னிடம் தரவில்லை. சுடலை மாமா கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.