உப்பு கஜபதி

"இன்னும் ஒரு கை போட்டா கெட்டா பூடும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கஜபதி கல்லுப்பை அள்ளிக் குழிக்குள் கொட்டுகிறார். முழங்கை ஆழத்துக்குக் குழி. நடுவில் நாலடி இரும்புக் கம்பியை மண்ணுக்குள் அடித்து இறக்கியிருக்கிறார். அதைச் சுற்றி அடுப்புக்கரி, மேலே உப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குடம் தண்ணீர். நூம்பலில் நாளைக்கு ஒரு காதுகுத்து. இரண்டு புனல் ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வைத்தால் முடிந்துபோகிற காரியம். அதற்கு இந்த மனுஷன் முதல் நாளே வந்து கிணறு வெட்டுகிறாரே என்று பந்தல்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

கரண்டு வழி தப்பினால் மண்ணுக்குப் போய்விட வேண்டும், மனுஷன் மேல் ஏறிவிடக் கூடாது. அதற்கான வழிதான் அந்தக் கம்பி. தொழிலில் அதை எர்த் என்பார்கள். மற்ற மைக் செட்காரர்கள் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்க் குழாயில் ஒரு வயரைச் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை உப்பு மூட்டையோடு வருகிற ஒரே மைக் செட்காரர் கஜபதிதான். பேர் வராமல் இருக்குமா? ஆவடி மார்க்கெட் பக்கம் "உப்பு கஜபதி கடை எது?" என்று கேட்டால் சின்னக் குழந்தை கூடக் கைகாட்டும்.

குழி வெட்டியதோடு வேலை முடியாது. ஹோல்டரில் மாட்டிய நூறு வாட்ஸ் பல்பு ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். அதன் ஒரு வயரைக் கரண்டிலும் இன்னொன்றைக் குழிக் கம்பியிலும் வைப்பார். பளிச்சென்று எரிந்தால் எர்த் சரி. மங்கினால் இன்னும் உப்பு, இன்னும் தண்ணீர். பளிச்சென்று எரிந்தாலும் அவர் முகம் மலராது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி வைத்துப் பார்ப்பார். பேச வருகிறவர்கள் கையில் ஒரு கைக்குட்டையைத் திணித்து, அதைச் சுற்றி மைக்கைப் பிடிக்கச் சொல்வார். "இன்னாய்யா, நான் பேச வந்தேனா, மூக்கு சிந்த வந்தேனா?" என்று ஒரு வட்டச் செயலாளர் மேடையிலேயே எகிறியிருக்கிறார். "வேர்வ கையி தலிவரே, கோச்சிக்காத" என்று கஜபதி கும்பிட்டுச் சமாளித்தார்.

வீட்டிலும் இதே கதைதான். "மாவு ஆட்றதுக்கு முன்ன கிரைண்டரத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினே நிப்பாரு. அரிசி ஊறி, பொங்கி, புளிச்சே பூடும்" என்பார் அவர் மனைவி வரலட்சுமி. கடை போர்டில் இருப்பதும் அந்தப் பெயர்தான்: வரலட்சுமி சவுண்டு சர்வீஸ். கேலி செய்வாரே தவிர, புருஷன் ஏன் இப்படி ஆனார் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். போன வருஷம் வரை ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் தேதியைக் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கிடார் கீதா?" இருக்கிறது என்றால் அன்றைக்கு அவருக்கு வேறு ஊரில் வேலை வந்துவிடும். "ஆர்மோனியம் ஆவட்டும், டிரம்ஸு ஆவட்டும், பின்னிப் புடலாம் நைனா. கிடார் மட்டும் வாணாம்." இந்தப் பயம் ஜேம்ஸ் செத்ததிலிருந்து வந்தது.

ஜேம்ஸ் ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். அப்பா டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஊரில் உள்ள கச்சேரிக் குழுக்கள் எல்லாம் சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், அவன் எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு சொந்தப் பாட்டு பாடினான். காலை ஷிப்டுச் சங்கு, ரேஷன் கியூ, அரக்கோணம் வண்டியில் தொங்கிக்கொண்டு போகிற பிழைப்பு, எல்லாம் அவனுக்குப் பாட்டுதான். தொண்டை கிழிகிற மாதிரி ஒரு குரல். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸ் பையன்கள் பைத்தியமாகத் திரிந்தார்கள். அவர்களில் பெரிய பைத்தியம் கஜபதி. ஜேம்ஸுக்கென்று தனியாக ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தன் கையாலேயே பலகை அறுத்துச் செய்து வைத்திருந்தார். வேறு யார் பாடினாலும் அது வெளியே வராது.

எண்பத்திரண்டு டிசம்பரில், குவார்ட்டர்ஸ் மைதானத்தில் வாலிபர் சங்க ஆண்டு விழா. சாயந்திரம் லேசான தூறல். மூன்றாவது பாட்டின் நடுவில், ஒரு கை கிடாரிலும் உதடு மைக்கிலுமாக இருந்த ஜேம்ஸ் அப்படியே மல்லாக்கச் சரிந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நெஞ்சடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். வயது இருபத்தாறு. மனைவி சாராள், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

அன்றைக்குக் கஜபதியும் மற்றவர்களைப் போலக் குழாயில்தான் எர்த் கட்டியிருந்தார். மைதானத்து மூலையில் இருந்த பொதுக் குழாய். இரும்புக் குழாய், மண்ணுக்குள் ஓடுகிற பைப்பும் இரும்பு, அதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும்? ஆறு வருஷமாக அதில்தான் கட்டிவந்தார். ஜேம்ஸை அடக்கம் செய்த நாலாம் நாள் அந்தப் பக்கம் போனவர், குடச் சண்டையில் யாரோ ஆட்டி ஆட்டி அந்தக் குழாயை வேரோடு பெயர்த்துப் போட்டிருந்ததைப் பார்த்தார். மேலே ஒரு முழம் இரும்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் பைப். எப்போதோ யாரோ பள்ளம் தோண்டிப் பழைய பைப்பை மாற்றியிருக்கிறார்கள். அவர் கட்டிய வயர் மண்ணைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்து வரலட்சுமியிடம் சொல்லி அழுதார். "வாய மூடிக்கினு கெட. வெளிய சொன்னா அந்தப் பசங்க உன்னிய உசுரோட உடமாட்டானுங்க" என்றார் அந்த அம்மாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஜேம்ஸின் ரசிகர்கள் அவனை மறக்கவில்லை. வருஷா வருஷம் டிசம்பரில் அதே மைதானத்தில் கூடுகிறார்கள். அன்றைக்குத் தோள் வரை முடி வளர்த்தவர்களுக்கு இன்றைக்குத் தலையில் முடி இல்லை. தொப்பையும் சர்க்கரை வியாதியுமாக, பிள்ளை குட்டிகளோடு வருகிறார்கள். நாற்காலியில் படம், மாலை, விளக்கு. மாதாகோயிலுக்குப் போகிறவனும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படத்துக்கு முன்னால் போவான். பிறகு யாரோ பதிவு செய்த இரண்டு கேசட்டுகளைப் போட்டுக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய கதை பேசுவார்கள். அவன் செத்த அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள் முந்நூறு பேர் என்றால், முன்வரிசையில் இருந்ததாகச் சொல்கிறவர்கள் ஐந்நூறு பேர் இருப்பார்கள். ரசிகர் மன்றத் தலைவர் உத்தமன் ஒவ்வொரு வருஷமும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார். "பாட்டத் தாங்காம நெஞ்சு வெடிச்சி செத்தான்யா எங்காளு!" எல்லோரும் கை தட்டுவார்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் கஜபதி மட்டும் ஏதாவது ஒரு வயரை முறுக்கிக்கொண்டிருப்பார்.

அந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் அவரால் தட்ட முடியாது. வராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. முதல் இரண்டு மூன்று வருஷம் ரசிகர்களிடம் பயம். கண்டுபிடித்தால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பயம் சாராளிடம் போய் நின்றது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தையல் வேலை செய்துகொண்டு, திருநின்றவூரில் வாடகை வீட்டில் மகளை வளர்த்தாள் சாராள். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு டப்பாவில் கேக் கொண்டுவந்து, "அண்ணே, முதல்ல நீங்க எடுத்துக்கங்க. அவுரு பாட்ட இன்னும் ஊருக்குக் கேக்க வெக்கிறது நீங்கதான்" என்று நீட்டுவாள். அதை வாங்கி ஆம்ப்ளிஃபயர் மேல் வைப்பாரே தவிர, அவர் தின்றதே இல்லை.

போன வருஷம், தொண்ணூற்றைந்து டிசம்பரில், உத்தமன் கடைக்கு வந்து குதித்தார். "கஜா, இந்த வாட்டி கேசட்டு இல்ல. நம்ம ஜேம்ஸு பொண்ணு ஷெர்லி பாடுது. அப்பங்காரன் கிடார மாட்டிகினு, அதே மைதானத்துல. எப்டி?"

கஜபதி அப்போதே கடையை இழுத்துச் சாத்தினார். திருநின்றவூருக்கு ஓடினார். "பாப்பாக்கு எதுக்கும்மா இந்த வேல? கேசட்டே போதுமே" என்றார். "நான் இன்னாண்ணே பண்றது? அப்பா மூஞ்சியே நெனவுல இல்லன்னு அழுவுறா. அந்தக் கிடாரயாவது புடிச்சிக்கிறேன்றா" என்றாள் சாராள். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த கிடாருக்கு ஷெர்லி புதுக் கம்பி கோத்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. ஜேம்ஸின் அதே நீள விரல்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பே கஜபதி மைதானத்துக்குப் போய்விட்டார். ஒரு குழிக்கு மூன்று குழி வெட்டினார். அரை மூட்டை உப்பு இறங்கியது. கிடார் ஆம்ப்ளிஃபயரைத் திருகு திருகாகப் பிரித்துப் பார்த்துப் பூட்டினார். பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தது. இருந்தும் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "அந்தக் கொழாவும் நல்லாத்தான இருந்துச்சி, மேலருந்து பாக்கறப்போ" என்று வரலட்சுமியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பல்பு பொய் சொல்லாது என்று அவர் அறிவுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை.

விழா அன்று நாலு மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஷெர்லி வந்தாள், மற்றவர்களைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டாள், அப்பா படத்துக்குப் பூப் போட்டாள். கிடாரை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு மேடை ஏறினாள். ஜமக்காளம் நனைந்திருந்தது. அவள் கம்பியில் விரலை வைத்து, மைக்கிடம் முகத்தைக் கொண்டுபோனாள்.

"செருப்பு போட்டுகினு ஏறும்மா!" என்று கஜபதி கத்தினார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "படத்துக்கு முன்னால செருப்பா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா உனுக்கு?" என்று உத்தமன் சீறினார். ஷெர்லி குழம்பிப்போய்ச் சிரித்துவிட்டு மறுபடி மைக்கிடம் குனிந்தாள். கஜபதி பாய்ந்து மெயின் சுவிட்சை அணைத்தார். ஸ்பீக்கர் செத்தது. சீரியல் விளக்கு செத்தது. நாலா பக்கமும் கூச்சல். முன்வரிசையில் இருந்த சாராள் எழுந்து வந்தாள்.

"இன்னாண்ணே ஆச்சி?"

பதின்மூன்று வருஷமாக அவர் ஓடி ஒளிந்துகொண்டிருந்த முகம் ஒரு முழ தூரத்தில் நின்றது. அவர் சொல்லிவிட்டார். "அன்னிக்கி எர்த்து இல்லம்மா. நான் கொழாயில கட்னேன். கொழாக்குக் கீழ பிளாஸ்டிக்கு. எனுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. நெஞ்சடைப்பு இல்லம்மா அது. நான்தான்... என் கையாலதான்..."

பக்கத்தில் நின்ற உத்தமன் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். கஜபதி அடியை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. சாராள் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அவர உடுங்க" என்று உத்தமனிடம் சொன்னாள். பிறகு கஜபதியைப் பார்த்து, முதல் தடவையாக அண்ணே என்று சொல்லாமல் கேட்டாள்.

"இன்னிக்கி எர்த்து கீதா?"

"கீதும்மா."

"நீங்க மொதல்ல புடிச்சிக் காட்டுங்க. அப்பறம் எம்பொண்ணு பாடட்டும்."

கஜபதி ரப்பர் செருப்பை உதறினார். மேடை ஏறினார். "கழட்டிக் குடு பாப்பா" என்று ஷெர்லியிடமிருந்து கிடாரை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஈர ஜமக்காளம் உள்ளங்காலில் சில்லென்று பட்டது. "மெயினப் போடு உத்தமா" என்றார். விளக்குகள் எரிந்தன. இடது கையைக் கம்பிகள் மேல் அழுத்தி வைத்தார். வலது கை மைக்கை நோக்கிப் போய், ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் தன் மகள் ஞாபகம் வந்தது. வரலட்சுமியிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பிடித்தார்.

ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மூச்சு இரைக்கிற சத்தம் ஸ்பீக்கர்கள் வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். உத்தமன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"சரியா கீது அங்கிள். குடுங்க, நான் பாடறேன்" என்றாள் ஷெர்லி.

கஜபதி தலையாட்டினார். கை விடவில்லை.

"அங்கிள்?"

அதற்கும் தலையாட்டினார். ஷெர்லி கீழே நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு, மைக்கை இறுக்கியிருந்த அவருடைய விரல்களை, கட்டை விரலில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.