அப்பா சொன்ன ‘செரிங்க’

நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைதான் மனிதனை “பொறு, யோசி” என்று இழுத்துப் பிடிக்கிறதாம். தொண்ணூறுகளில், நான் பிளஸ் டூ முடித்த கோடையில், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் இதை அம்மாவிடமும் என்னிடமும் சொன்னார். அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அப்பாவுக்கு நெற்றியில்தான் அடி. “பேசுவாரு, கணக்குப் போடுவாரு. ஆனா முக்கியமான முடிவு எதையும் இவர்கிட்ட விட்டுடாதீங்க” என்றார்.

அதற்கு முன் அப்பா இலேசில் மசிகிற ஆளில்லை. ஒரு சட்டைத்துணி எடுக்க நாலு கடை ஏறி இறங்குவார். வீடு திரும்பிய பிறகு யார் எதைக் கேட்டாலும் “செரிங்க”தான். அப்பா நடத்திவந்த பட்டறையின் சாமான்களைக் கேட்டவனெல்லாம் தூக்கிக்கொண்டு போனான். எங்கள் பக்கத்தில் மரியாதையாகப் பேசிவிட்டால் போதுமே, அதற்குமேல் யார் பார்க்கிறார்கள்! “அடிபட்டு மனுசன் தங்கமாயிட்டாருங்க” என்று சொந்தக்காரர்கள் பூரித்துப்போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உடுமலைப்பேட்டையிலிருந்து நலம் விசாரிக்க வந்த தூரத்து உறவுக்காரர், ஆரஞ்சுப் பையை வைத்த கையோடு, “ஏனுங்க, உங்க பொண்ணை எங்க பையனுக்குக் குடுத்துப்போடுங்க” என்றார். அப்பா “செரிங்க” என்றார். பக்கத்திலிருந்த பெரியப்பா அங்கேயே வெற்றிலை பாக்கை மாற்ற வைத்துவிட்டார். எனக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. என்னைப் படிக்கவைத்தே தீருவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் இதே அப்பாதான்.

அவர்கள் போனதும் அம்மா டாக்டர் சொன்னதைச் சொல்லி அழுதாள். பெரியப்பா துள்ளிக் குதித்தார்.

“அப்ப எந்தம்பிக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்கறயா? வெளிய சொல்லிப்போடாத அம்மணி, குடும்பத்துக்கே அசிங்கம். வெத்தலை மாத்தியாச்சு. அவன் குடுத்த வாக்கு குடுத்ததுதான்.”

தம்பிக்குப் பைத்தியம் என்று பெயர் வந்துவிடக் கூடாது. அதற்காக என்னைத் தூக்கிக் கொடுக்கத் துணிந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் எல்லோரும் பார்க்க அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தேன். “எனக்குக் கல்யாணம் வேண்டாங்கப்பா. நான் படிக்கப் போறனுங்க.”

அப்பா என் தலையைத் தடவினார். “செரி கண்ணு, போ” என்றார்.

பெரியப்பா சிரித்தார். “அவனுக்கு என்ன தெரியும், பாவம்! அடிபட்ட மண்டை.”

ஆவணியில் என் கல்யாணம் நடந்தது.