கிழக்கே சாய்ந்த முளைப்பாரி

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் பசுவந்தனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பங்குனியில் அங்கே அம்மன் கோவில் பொங்கல். செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினால் அடுத்த செவ்வாய் பொங்கல், புதன்கிழமை முளைப்பாரியைக் கிணற்றில் கரைப்பார்கள். காப்புக் கட்டியதிலிருந்து ஊரை விட்டுப் போய் யாரும் வெளியே இராத்தங்கக் கூடாது. வேலைக்குப் போகிற ஆண்கள் போய்விட்டுப் பொழுது அடைவதற்குள் வந்துவிட வேண்டும். ஊருக்கெல்லாம் சேர்த்து முளைப்பாரி வளர்க்கிற பெண் பகலில்கூட எல்லையைத் தாண்டக் கூடாது. பஸ் நிற்கிற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே கட்டியிருக்கும் வேப்பிலைத் தோரணம்தான் எல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் அந்தப் பெண்ணாக நான் இருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம் முடிந்திருந்தது. குழந்தை இல்லை. பாரி வளர்க்கிற முறை எங்கள் வீட்டுக்கு உரியது. என் மாமியார் இருபது வருஷத்துக்கு மேல் வளர்த்திருக்கிறார்கள். மாமா காலமானதும் அத்தை அந்த அறைக்குள் போகக் கூடாது என்றாகிவிட்டது. தாலி கட்டியிருப்பவள்தான் போக வேண்டும். மூன்று வருஷம் பங்காளி வீட்டில் யாரோ பார்த்தார்கள். நான் வந்த பிறகு, அந்த வருஷம் முறை திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்தது. "ஒரு வருசம் வளத்துப் பாரு. ஆத்தா கண்ணத் தொறந்து பாப்பா" என்றார்கள் அத்தை. எதற்கு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோவிலை ஒட்டி ஒரு பழைய அறை. முன்பு பருத்தி போட்டு வைத்த இடம். அதில் இருபத்தேழு வீட்டுச் சட்டிகள். அடியில் வைக்கோல், மேலே கரிசல் மண், ஆட்டுப் புழுக்கைத் தூள், அதன்மேல் ஊறவைத்த பாசிப்பயறு, தட்டாம்பயறு, கம்பு, சோளம். வெளிச்சமே படக்கூடாது. வெளிச்சம் இல்லாமல்தான் முளை வெள்ளை வெளேரென்று, மஞ்சள் தலையோடு, முழ உயரத்துக்கு நெட்டுக்குத்தாக வளரும். அதற்காக, அங்கே இருந்த ஒரே ஜன்னலில் சாக்கை விரித்துச் சுற்றிலும் ஆணி அடித்திருந்தார்கள். காலையிலும் சாயங்காலமும் தலைக்குக் குளித்து, ஈரச்சேலையோடு உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வர வேண்டும். மற்ற நேரம் கதவு பூட்டியிருக்கும். சாவி என் இடுப்பில். பாரி நன்றாக வளர்ந்தால் ஊருக்கு மழை. கருகினால், சாய்ந்தால், வளர்த்தவள் மேல் குற்றம்.

வியாழக்கிழமை மத்தியானம் தபால்காரர் சைக்கிளில் வந்தார். எனக்குத்தான் கடிதம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கல்யாணத்துக்கு முன்பே பதிந்து வைத்திருந்தேன். புதூர்ப் பக்கம் நான் பிறந்த கிராமத்தில் பிளஸ் டூ முடித்த பெண்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். பால்வாடி வேலைக்கு நேர்முகத் தேர்வு, திங்கள்கிழமை காலை பத்து மணிக்குக் கோவில்பட்டிக்கு வரவும் என்று இருந்தது.

"நல்ல சேதிதானம்மா?" என்றார் தபால்காரர்.

"ஆமா" என்றேன். தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மணிக்கட்டில் காப்புக் கட்டிய மஞ்சள் கயிறு இருந்தது.

சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து என் கணவர் வந்ததும் காட்டினேன். அவர் இரண்டு முறை வாசித்தார். "திங்கக்கெழமையா" என்றார். பிறகு கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு காரியத்தை முடியாது என்று சொல்வதற்குப் பதில் சும்மா இருந்துவிடுவார்.

மறுநாள் பூசாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பூசாரி அவருக்குச் சித்தப்பா முறை.

"என்ன சொன்னாவ?"

"'இருவத்தேழு வீட்டுச் சட்டி அவ கையில இருக்கு. ஒரு சட்டி வாடிப்போனாலும் நாளைக்கு ஊருக்கு யார்லே பதில் சொல்லுவா?'ன்னு கேக்காவ."

"நான் காலையில தண்ணி தெளிச்சுட்டுப் போயிட்டு, சாயங்காலம் தெளிக்கதுக்குள்ள வந்துருவேன்லா?"

"அதையும் சொன்னேன். எல்லையத் தாண்டுனா தாண்டுனதுதானாம்."

ஒரு வழி இருந்தது. வீட்டுக்குத் தூரம் ஆகிவிட்டேன் என்று சொன்னால் பாரியை வேறு யாரிடமாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பொய்யை வாய்க்குள் உருட்டிக்கொண்டே திரிந்தேன். அத்தை கம்பு புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்தை, வயிறு ஒருமாதிரி வலிக்குது" என்று ஆரம்பித்தேன்.

அவர்கள் சுளகை நிறுத்தவில்லை. "சூடா இருக்கும். நீராகாரம் குடி. உனக்கு இன்னும் பதினோரு நாள் கெடக்கு. எண்ணிப் பாத்துத்தான் உன் பேரக் குடுத்தேன்" என்றார்கள்.

என் உடம்புக் கணக்கை எனக்கு முன்பே ஒருவர் பார்த்து வைத்திருந்தார். நான் எழுந்து நீராகாரம் குடிக்கப் போனேன்.

அந்த அறையின் ஜன்னல் கிழக்கே பார்த்தது. சாக்குக்கு அந்தப் பக்கம் வெறும் கரிசல் காடு, அதற்கப்பால் ரோடு. பருத்தி எடுத்து முடிந்து காய்ந்த செடிமாரை எல்லாம் பிடுங்கிவிட்டதால் கண்ணுக்கு மறைப்பே கிடையாது. எந்த நேரத்துக்கு எந்த பஸ் போகிறது என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது கோவில்பட்டி பஸ் வருகிற சத்தம் கேட்டது. சாக்கின் கீழ் மூலையில் இரண்டு ஆணி ஆட்டம் கண்டிருந்தன. பிடுங்கி, மூலையைத் தூக்கிப் பார்த்தேன். பஸ் நின்றது. ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். அவ்வளவுதான். பஸ் போனதும் புழுதி அடங்கும்வரை பார்த்தேன். ஆணிகளைத் திரும்பக் கையால் அமுக்கினேன். நிற்கவில்லை. மூலையை மடித்து அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அந்த அறையின் ஈர வாடையும் புழுக்கமும் மூச்சை முட்டும். அன்றைக்குக் கொஞ்சம் காற்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன்.

திங்கள்கிழமை என் கணவர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, எனக்கு வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். "நான் போயிச் சொல்லிப் பாக்கேன். வேற தேதி குடுப்பாவளான்னு கேக்கேன்" என்றார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். நான் அறைக்குள் இருந்தேன். பஸ் வந்தது. தோரணத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று அவர் ஏறுவது தெரிந்தது. என் தேர்வுக்கு எனக்குப் பதில் இன்னொருவர் போகிறார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்து இழுத்தேன். பாதிக்குமேல் பிய்ந்து வந்துவிட்டது. அறை பூராவும் வெயில். இருபத்தேழு சட்டியும் அந்த வெயிலில் நின்றன. பூட்டிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் தெளிக்கப் போனபோதும் அதைச் சரி செய்யவில்லை. சட்டிகளைக் கண்ணெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மூன்று மணிக்கெல்லாம் திரும்பி வந்தார். "ஆளு நேர்ல வரணுமாம். இன்னைக்கோட முடிஞ்சிட்டாம்" என்றார். வாங்கி வந்த பஜ்ஜிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். எண்ணெய் ஊறி ஆறிப்போயிருந்தது. நான் வாங்கி அத்தையிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் பாரியைப் பார்த்தேன். இருபத்தேழு சட்டி முளையும் ஒன்று சொன்னாற்போல ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. ஜன்னல் பக்கத்தில் பச்சை, இந்தப் பக்கம் வெளிறிய மஞ்சள். சட்டிகளைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். இப்போது சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. மறுபடி பழையபடியே வைத்தேன். அன்று சாயங்காலம் பாரியை வெளியே எடுக்க வேண்டும். அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?

சாயங்காலம் கொட்டு முழங்க, பெண்கள் வரிசையாக வந்து சட்டிகளை என் கையிலிருந்து வாங்கிக் கோவிலுக்கு முன்னால் வட்டமாக இறக்கி வைத்தார்கள். வாங்கும்போதே ஒவ்வொருத்தி முகமும் மாறியது. குலவைச் சத்தம் பாதியில் நின்றது. கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

பூசாரி குனிந்து பார்த்தார். "இது என்ன தாயி இது?" என்று என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வெளிச்சம் பட்டுருக்கு. கதவத் தொறந்து போட்டியா?"

"இல்ல."

"சன்னல்?"

கூட்டத்தில் அத்தையைத் தேடினேன். சற்று முன்வரை கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர்களைக் காணவில்லை. என் கணவர் கிட்டத்தில் வந்து நின்றார்.

"வாங்க, போயிப் பாத்துருவோம்" என்று பூசாரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அறைக்குப் போனார். அந்தச் சமயத்தில் நான் எதை நினைத்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தோரணத்துக்கு எத்தனை எட்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். பூசாரியின் முகம் வேறு மாதிரி இருந்தது. "சன்னல்ல சாக்கு அடிச்சது அடிச்சபடியே இருக்கு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல" என்றார்.

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் சத்தமாக வந்தது. "ஆத்தா கெழக்கப் பாத்துத் திரும்பியிருக்கா! இந்த வருசம் ஐப்பசியில கெழக்கத்தி மழ கொட்டப் போவுது!" அடுத்த நொடியில் குலவை ஊரைத் தூக்கியது. கொட்டு ஆரம்பித்தது. யாரோ என் நெற்றியில் திருநீறு பூசினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அத்தை கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள். இடது கைப் பெருவிரலை வாயில் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். பெருவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது. சட்டிகளை எடுத்த பிறகு திறந்தே கிடந்த அறைக்குள் போய், ஜன்னல் சாக்குக்குக் கல்லால் ஆணி அடித்திருக்கிறார்கள். இருபது வருஷம் வளர்த்த கண், முதல் சட்டி வெளியே வந்ததுமே கண்டுபிடித்திருக்கிறது. மாமா போன பிறகு அந்த அறையின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள்.

"அத்தை..." என்றேன்.

"யார்ட்டயும் மூச்சு விடாத. அவன்ட்டயும் சொல்லாத" என்றார்கள். என்னைத் திட்டவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்கவும் இல்லை. விரலைத் தண்ணீர்ச் செம்புக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பெய்தது. நல்ல மழை. உளுந்தும் கம்பும் வீடு கொள்ளவில்லை. அதோடு நான் தீர்ந்தேன். அடுத்த பங்குனி வந்தபோது, "அவ கைராசி வேற யாருக்கு வரும்?" என்று ஊரே சொன்னது. பூசாரி தாமே முன்னின்று ஜன்னல் சாக்கின் கீழ் மூலையை ஒரு சாண் மடிக்கச் சொன்னார். ஆத்தா கிழக்கே பார்க்க வழி விட வேண்டுமாம். பாரி சாய்ந்தே வளர்ந்தது. எல்லோருக்கும் திருப்தி. காலையில் அந்தத் துவாரத்துக்கு நேராக நின்று பஸ்ஸைப் பார்த்தேன். இந்த முறை யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்த ஆவணியில் நான் உண்டானேன். அதுவும் பாரியின் கணக்கில் சேர்ந்தது. வைகாசியில் மகள் பிறந்தாள். அதற்கு முந்தின பங்குனியில் நிறைமாதத்தை நெருங்கியிருந்ததால் என்னை விட்டார்கள். அதற்கு அடுத்த வருஷத்துக்கு மாசியிலேயே பேச்சு வந்துவிட்டது. இதற்குள் கோவில்பட்டியில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள் என்று என் கணவர் விசாரித்து வந்திருந்தார். சம்பளம் சொற்பம். ஆனால் அவர் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸ் அங்கிருந்து பக்கம், வீடு எடுத்துக்கொள்ளலாம். போகலாம் என்று அவர் வாய் திறந்து சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தையிடம் சொல்லத்தான் இருவருக்கும் தைரியம் இல்லை.

கடைசியில் நானே சொன்னேன். அடுப்படியில் அவர்கள் மகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டார்கள். கூடவே கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன்.

"அப்பன்னா திங்கக்கெழமையே பொறப்பட்டுருங்க" என்றார்கள்.

"பள்ளிக்கூடம் ஒண்ணாந்தேதிதான் அத்தை. பொங்கல் முடிஞ்சே போவலாம்."

டம்ளரைக் கீழே வைத்தார்கள். "செவ்வாக்கெழம காப்புக் கட்டிருவாவ. கட்டுன பெறவு நீ போறேன்னு நின்னா நானே உன்ன விடமாட்டேன். என்னால முடியாது. அதுக்கு மொத நாளே போயிருங்க."

திங்கள்கிழமை காலை இரண்டு பெட்டியும் ஒரு பாயுமாகக் கிளம்பினோம். ரோட்டில் தோரணம் இன்னும் கட்டவில்லை. அத்தை பஸ்வரைக்கும் வந்தார்கள். மகளைத் தூக்கி என் கையில் கொடுத்தார்கள்.

"பூசாரி கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

"அத நான் பாத்துக்கிடுதேன். ஏறு, பஸ்ஸு நிக்காது" என்றார்கள்.