சீமைச் சணலும் வேலி எருக்கும்

என் வீட்டுக்காரருக்கு இழுப்பு உண்டு. தூசி மூக்கில் ஏறினால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். கண் நம்மைத்தான் பார்க்கும், ஆனால் யாரைப் பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த முதல் அறுவடையிலேயே அதைக் கண்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. பெரியவர்கள் எதிரில் அதைக்கூடச் செய்ய முடியாது.

பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம் எங்களுடையது. நெல்லும் கரும்பும் மாறி மாறிப் போடுவார்கள். அண்ணன் தம்பி மூன்று பேரில் இவர் கடைசி. தூசியில் நிற்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பயிர் வைக்கிற குடும்பத்தில் தூசியில் நிற்காமல் வேறு எங்கே போய் நிற்பது?

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இரண்டாவது உலகச் சண்டை இன்னும் வரவில்லை. சர்க்காரில் பயிர் பார்வையிடுகிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஊர் ஊராகப் போய் என்ன பயிர், என்ன பூச்சி என்று பார்த்து எழுதிக் கொடுக்கிற வேலை. அதற்கு ஒரு போட்டிப் பரீட்சை. கொங்கூர் என்பார்கள். இவர் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஏற்கெனவே ஒரு தடவை எழுதித் தவறியிருந்தார். இந்தத் தடவையோடு வயசு முடிகிறது, அப்புறம் எழுத விடமாட்டார்கள்.

மாமனார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “இந்த வாட்டி வேல கெடச்சா போ. கெடைக்கலன்னா தையில களத்துக்கு வந்துடு. உன் அண்ணனுங்க ரெண்டு பேரும் என்னத்தான் கேக்கறானுங்க. நானும் எத்தினி நாளு பதிலு சொல்றது?”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. இழுப்பு இல்லாத நாளில் இவரைப் பார்த்தால் யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள்.

படிக்க வேண்டியது இரண்டு பகுதி. ஒன்று, உலகத்தில் பெரிய பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்தது யார் யார் என்பது. இன்னொன்று, செடி கொடிகளுக்குச் சாஸ்திரத்தில் வைத்திருக்கிற பெயர். புதுச்சேரியில் இருந்த சிநேகிதர் ஒருவரிடம் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். நான் மூணாவது வரைக்கும்தான் படித்தவள். நான் கேள்வி கேட்பதற்காக எனக்கென்று தனியாகத் தமிழ் எழுத்தில் ஒரு தாள் எழுதித் தந்தார். மத்தியானத்தில் மாடுகள் மேய்ச்சலுக்குப் போனபிறகு மாட்டுக்கொட்டகை காலியாக இருக்கும். அங்கே உட்கார்ந்து படிப்போம்.

கண்டுபிடித்தவர்களின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் வாயில் அப்போதும் சரியாக வராது, இப்போது சுத்தமாக வராது. இவருக்கும் ஆரம்பத்தில் வரவில்லை. ஒன்றை நினைத்தால் இன்னொன்று போய்விடும். முதல் தடவை தவறியதும் அதனால்தான். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பெயரையும் எங்கள் தெருவில் ஒரு ஆளோடு சேர்த்துவிட்டார்.

பொருள் ஏன் பூமியை நோக்கி விழுகிறது என்று சொன்னவர், பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த மரமேறி. நீராவியால் இயந்திரம் ஓட்டியவர், கரும்புச்சாறு காய்ச்சுகிற கொப்பரையின் பக்கத்திலேயே கிடக்கும் கிழவர். அம்மைப்பாலுக்கு வழி காட்டியவர், எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்தவர், தெருக்கோடியில் நாலு நாய் வளர்க்கிறவர். இவர்களில் யாராவது எதிரே வந்தால் இவர் வாய்க்குள்ளேயே அந்த வெள்ளைக்காரப் பெயரைச் சொல்லிக்கொண்டு போவார்.

ஒருநாள் மரமேறி வாசலுக்கே வந்துவிட்டார். “இன்னா தம்பி, என்னப் பாக்கறப்பல்லாம் இன்னாவோ மொணமொணன்னு திட்டற? நான் உனக்கு இன்னா பண்ணேன்?”

“திட்டலை மாமா. நீ ஒரு பெரிய விஞ்ஞானி. பரீட்சையில உன் பேரு வருது.”

“மரத்துலேர்ந்து வுழுந்ததுக்கா?”

“கீழ வுழுந்ததுக்குத்தான்.”

“அப்போ என் இடுப்புக்குச் சர்க்கார்ல ஏதாச்சும் குடுப்பாங்களா, கேட்டுச் சொல்லு” என்று சிரித்துக்கொண்டே நொண்டி நொண்டிப் போனார். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்த நாட்களில் அது ஒன்று.

கண்டுபிடிப்புகள் இப்படி ஒரு மாசத்துக்குள் மனசில் உட்கார்ந்துவிட்டன. அதற்கப்புறம் செடிகள். நம் ஊரில் இருக்கிற செடி என்றால் சுலபம். நான் ஒரு நெற்கதிரைத் தூக்கிக் காட்டுவேன், அவர் “ஒரைசா சத்திவா” என்பார். கரும்புத் தோகையைக் காட்டினால் “சக்காரும் ஒப்பிசினாரும்” என்பார். தாளில் இருக்கிற மாதிரியே சொன்னாரா என்று பார்த்து நான் தலையாட்டுவேன்.

ஆனால் தாளில் பாதி நம் ஊரில் இல்லாத செடிகள். கோதுமை, திராட்சை, ஆப்பிள், அப்புறம் வெள்ளைக்காரர்கள் நாரெடுத்துத் துணி நெய்கிற சீமைச் சணல். அவர் பிறந்ததிலிருந்து இவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததன் பெயர் எப்படி மனசில் நிற்கும்? மறுபடியும் தெருவாசிகளிடம் செய்ததையே இங்கேயும் செய்தார்.

“மே, வேலியாண்ட போயி ஒரு எருக்கங்கிளை ஒடிச்சிக்கிட்டு வா.”

“இன்னாத்துக்கு?”

“சீமைச் சணலு நாரு குடுக்குது. எருக்கும் நாரு குடுக்குது. இனிமே இதான் சீமைச் சணலு. நீ இதத் தூக்கிக் காட்டு, நான் லினும் உசித்தாத்திசிமும்னு சொல்றேன்.”

கொடியில் காய்க்கிறது என்று கோவைக்கொடி திராட்சையானது. வாய்க்காலோரத்துக் கோரை கோதுமையானது. உருண்டையாக இருக்கிறது என்று நுணாக்காய் ஆப்பிளானது. அருமையான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. கோரையை ஆட்டினால் கோதுமையின் பெயர் மளமளவென்று வந்தது. எருக்குக்கும் கோவைக்கும் சாஸ்திரத்தில் சொந்தப் பெயர் உண்டு, அதுவும் தாளில் இருந்தது. அதைப் படிக்கச் சொல்லி நான் கேட்டபோது, “அதுங்க நம்ம வேலியிலயே நிக்குதுங்க, எங்க ஓடப் போவுது, கடைசியில பாத்துக்கலாம்” என்றார். பார்க்க நாள் இல்லாமல் போய்விட்டது.

நான் தினமும் எருக்கங்கிளையோடு கொட்டகைக்குப் போவதை என் ஓரகத்தி, அதாவது நடு மச்சினரின் மனைவி, கவனித்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னாடி, உன் வூட்டுக்காரரு மாட்டுக்கொட்டாயில புள்ளையாரு வச்சிருக்காரா? தெனம் எருக்கு எடுத்துக்கினு போற.”

“படிக்கறாருக்கா.”

“எருக்கையா படிக்கறாரு? அப்போ கோமணத்தக் கட்டிக்கினு ஊரு ஊரா வைத்தியம் பண்ணக் கெளம்பிடச் சொல்லு” என்றாள்.  கிளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன்.

கார்த்திகையில் பரீட்சை. மழை விட்ட ஒரு விடியற்காலையில் கூண்டு வண்டியில் புதுச்சேரிக்குக் கிளம்பினார். போகும்போது மரமேறி, பால்காரர் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து மாமியார், “கடன்காரன் மாதிரி வூடு வூடாப் போறானே” என்றார். வண்டி ஏரிக்கரை திரும்புகிறவரை நான் தோட்டத்துப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கைகால் கழுவிவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்தார். நான் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன். அவரேதான் ஆரம்பித்தார்.

“காலையில எழுத்துப் பரீட்சை. கண்டுபிடிப்பு அம்புட்டும் வந்துச்சி. நம்ம தெருவுல ஒரு நடை நடந்து வந்தாப்புல எழுதிட்டேன், ஒண்ணுகூட வுடல.”

“அப்புறம்?”

“மத்தியானம் வாய்ப் பரீட்சை. நீளமா ஒரு மேசை. மேல வரிசையாப் பீங்கான் தட்டு, தட்டுக்கு ஒரு கிளை. ஒரு வெள்ளைக்காரத் தொரை, பக்கத்துல ஒரு தமிழ் ஆபீசரு. தொரை குச்சியால தொட்டுத் தொட்டுக் காட்டறாரு. மொதல்ல நெல்லு. சொன்னேன். அப்புறம் கரும்பு. சொன்னேன். நல்லதுன்னு தலையாட்டுனாரு. அடுத்த தட்டுல எருக்கு.”

அவர் மேற்கொண்டு சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த சாணக் கூடையைக் கீழே வைத்தேன்.

“லினும் உசித்தாத்திசிமும்னுட்டேன். எருக்குன்னு எனக்குத் தெரியுது, மே. பொறந்ததுலேர்ந்து பாக்கற எருக்கு. ஆனா அத்தப் பாத்ததும் நீ எதுர குந்திக்கினு தூக்கிக் காட்டறாப்புலயே இருந்துச்சி. வாயி சொல்லிடுச்சி.”

துரை முதலில் சிரிக்கவில்லையாம். சீமைச் சணல் இந்தப் பக்கத்தில் எங்கே பயிராகிறது, எந்த ஊரில் பார்த்தீர்கள் என்று மரியாதையாகவே கேட்டிருக்கிறார். இவர் கண் எதிரே இருக்கிற கிளையைப் பார்த்துக்கொண்டே, “எங்கள் வீட்டு வேலியில்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டார். அதுவும் உண்மைதானே? தமிழ் ஆபீசர் துரையின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். அப்புறம்தான் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த தட்டில் கோவைக்கொடி. இந்தத் தடவை திராட்சை என்று சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆனால் திராட்சையைத் தள்ளிவிட்டால் அந்த இடத்தில் வேறு எதுவும் இல்லை. கோவையின் சொந்தப் பெயரைத்தான் நாங்கள் படிக்கவே இல்லையே. அப்படியே நின்றாராம். துரை காத்திருந்து பார்த்துவிட்டுக் குச்சியை மேசைமேல் வைத்துவிட்டார். மீதித் தட்டுகளுக்குப் போகவே இல்லை. அவற்றில் வேம்பும் தென்னையும் மாவும் இருந்ததை இவர் பார்த்திருக்கிறார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்” என்றார். இரண்டு தடவை அதையே சொன்னார்.

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை. ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று மட்டும் இருந்தது. “தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன். அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்?

வேலை கிடைத்தவர்களின் பெயர் வந்தபோது அதில் இவர் பெயர் இல்லை. மரமேறி வழியில் நிறுத்தி, “இன்னா தம்பி, என் பேரு வந்துச்சா?” என்று கேட்டாராம். “வந்துச்சி மாமா, உன்னால முழு மார்க்கு” என்று இவர் சொல்லியிருக்கிறார். “அப்போ வேல?” என்று அவர் கேட்பதற்குள் இவர் பாதித் தெரு தாண்டிவிட்டார். வேறு கொங்கூர் ஏதாவது வராதா என்று மார்கழி முழுக்கப் புதுச்சேரிக்கு ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் வயசு குறுக்கே நின்றது.

தை பிறந்தது. நல்ல விளைச்சல். மாமனார் சொன்ன சொல்லை மறக்கவில்லை, இவரும் மறுத்துப் பேசவில்லை. மூக்கைச் சுற்றி ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு அண்ணன்களோடு களத்தில் இறங்கினார். கதிர் அடிக்கும்போது பரவாயில்லை. வாடைக்காற்று கிளம்பியதும் பொம்பளைகள் எல்லாரையும் தூற்றக் கூப்பிட்டார்கள். ஓரகத்திகளோடு நானும் முறத்தை எடுத்துக்கொண்டு நின்றேன். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. காற்றுக்குக் கீழே, பதர் போய் விழுகிற திசையில், வைக்கோலை உதறிப் போர் போட இவரை நிறுத்தியிருந்தார்கள்.

நான் முறத்தைத் தூக்கினேன், இறக்கினேன். துண்டுக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது.

“இன்னாடி, கை நிக்குது? காத்து இருக்கறப்பவே தூத்து” என்றார் மாமியார்.

மாமனார் களத்து ஓரத்தில் நின்றிருந்தார். மச்சினர்கள் இருவரும் இருந்தார்கள். அத்தனை பேர் எதிரில், அவரை அந்தப் பக்கம் மாற்றி நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? முறத்தைத் தலைக்குமேல் தூக்கித் தூற்றினேன். நெல் என் காலடியில் விழுந்தது. பதர் காற்றோடு அவரிருந்த பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் முதல் இருமல் கேட்டது. அடுத்த முறம் நெல்லை மாமியார் என் கையில் கொடுத்தார்.