சித்திரைக் கடல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை ஒருவரிடமும் கைநீட்டாமல் வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து அவ்வளவாக வராது; நான் சொல்ல மூத்தவனின் மகள் எழுதுகிறாள்.

போன வருடம் பனி கரையும் நேரத்தில் என் கணவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை சித்திரையில் வந்தது. ஊரில் செய்வது போல மகன் கடலில் முழுகித்தான் கடமையை முடிக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். இந்த வடக்குக் குளிர்நாட்டில், ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் கடல். அன்று நல்ல வெயில். வெள்ளைக்காரர் சட்டையில்லாமல் புல்லில் படுத்திருந்தார்கள். தண்ணீருக்குள் ஒருவரும் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

"அம்மா, தண்ணி ஊசி மாதிரிக் குத்துது," என்றான் மூத்தவன்.

"அப்பாவுக்கு மூண்டு முழுக்குத்தானே ராசா."

இரண்டாம் முழுக்கில் மூச்சடைத்து அமிழ்ந்துபோனான். மருமகன் பாய்ந்து இழுத்து வந்தார். உதடெல்லாம் நீலம். ஆஸ்பத்திரியில்தான் கண் திறந்தான். வெயில் எறித்தாலும் இங்கே கடல் சூடேற ஆகஸ்ட் ஆகும் என்று தாதி சொன்னாள்.

இப்போது தகப்பனுக்குரிய ஆடி அமாவாசைக்கு மட்டும் அவனைக் கடலில் இறங்க விடுகிறேன். ஆனால் தாய்க்குரிய நாள் சித்திரா பௌர்ணமி. அன்றைக்கும் இங்கே கடல் அந்த ஊசித் தண்ணீராகத்தான் இருக்கும்.

"தம்பி, நான் போனாப்பிறகு எனக்கெண்டு கடலுக்கை இறங்காதை. வீட்டுக் குழாய்த் தண்ணி எனக்குக் காணும்," என்று மூத்தவனிடம் சொல்லிவிட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிள்ளை, எழுதினது காணும். உன்ரை அப்பா வரமுதல் ஒருக்கால் வாசிச்சுக் காட்டு.