அங்காயிக்காக அழுதது

அங்காயி உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதுதான் பன்னிரண்டு வருஷமாக என் அம்மா ருக்குமணியின் கவலை. அங்காயி எங்களுக்குச் சொந்தம் இல்லை. ‘சாம்பல் கோட்டை’ படத்தில் கோட்டையைக் காவல் காக்கும் இளம்பெண்.

முதல் பாகம் வந்தபோது அம்மா ஆறாவது படித்தார். எங்கள் ஊரான வடக்குத்திலிருந்து நடந்தே தியேட்டருக்குப் போய் ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்தாராம். இரண்டாம் பாகத்துக்கு என்னை மடியில் வைத்துக்கொண்டு போனார். அதன் கடைசியில் அங்காயி தீப்பந்தத்தோடு பாதாளப் பாதைக்குள் ஓடுவாள். பின்னால் இரும்புக் கதவு விழும். படம் அதோடு நின்றுவிட்டது.

அம்மா நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். தோண்டிக் கொட்டிய மண் மேடுகளில் மரக்கன்று நடுவார், தண்ணீர் விடுவார். வேலை முடிந்து வந்ததும், காலில் மண் இருக்கும்போதே என்னிடமிருந்து போனை வாங்கி, மூன்றாம் பாகம் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று தேடுவார். போன வருஷம் நிஜமாகவே அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதியே இல்லை. பழைய இயக்குநர் இறந்துவிட்டார். புதிதாக வந்தவர், “பழைய பாத்திரங்களுக்கு மரியாதையான முடிவு கொடுத்திருக்கிறோம்” என்று ஒரு பேட்டியில் சொன்னார்.

“முடிவுன்னா என்னாடி?” என்றார் அம்மா.

“கத முடியணும்ல.”

“மரியாதன்னா? போட்டோவுக்கு மால போடுறதா? நீ அதுக்குக் கீழ எழுது. அங்காயிய சாகடிச்சா வடக்குத்துலேருந்து ஒருத்தரும் வர மாட்டோம்னு எழுது.”

எழுதினேன். அதற்கு யாரோ ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அம்மா அன்று ராத்திரி சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தார்.

இந்த மாசம் படப்பிடிப்பு எங்கள் பக்கமே வந்தது. மண் மேடுகள் பார்க்கப் பாலைவனம் மாதிரி இருப்பதால் சினிமாக்காரர்களுக்குப் பிடிக்கும். அம்மாவின் சூப்பர்வைசர் சிங்காரவேலு வீட்டுக்கு வந்து சொன்னார்: “ஐம்பது பொம்பளைங்க வேணுமாம். பொணத்துக்குப் பின்னாடி அழுதுகினு போவணும். உனக்குத்தான் அந்தப் படம்னா உயிராச்சே, வரியா?”

அம்மா முகம் வெளுத்துவிட்டது. “யாரு பொணம்ணே?”

“அத நான் என்னாத்தக் கண்டேன்? அழுதுட்டு வூடு வந்து சேரு.”

வரவே மாட்டேன் என்றார். ஆனால் மறுநாள் காலை வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்ததும் அவர்தான். நானும் போனேன்.

மேட்டுக்குக் கீழே எங்கள் போன்களை எல்லாம் ஒரு சாக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். சாம்பல் நிறச் சேலை கொடுத்தார்கள். பாடை தயாராக இருந்தது. அதில் கிடந்ததைத் தலை முதல் கால் வரை துணியால் மூடியிருந்தார்கள். பிரவின்குமார் என்ற உதவி இயக்குநர் மைக்கோடு வந்தார். எங்கள் தெரு தனம் அத்தை கையைத் தூக்கினார்.

“சார், செத்தது யாருங்க?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. கதை வெளியே போயிடும். சும்மா அழுங்க.”

“சும்மா எப்படிங்க அழுவுறது? ஆம்பளையா பொம்பளையான்னாவது சொல்லுங்க. அப்பான்னு அழுவுறதா, மாமான்னு அழுவுறதா?”

“பொதுவா அழுங்கம்மா!”

“பொதுவா அழுவ எங்களுக்குத் தெரியாதுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேமரா ஓடியது. பாடை நகர்ந்தது. தனம் அத்தை “என்னப் பெத்த அப்பா” என்று மாரில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் ஒருவர் “மாமா” என்றார். பின்னாலிருந்து “மவனே” என்று ஒரு குரல் வந்தது. அதற்கெல்லாம் மேலே அம்மாவின் குரல் கேட்டது.

“அக்கா! கதவத் தொறந்துகினு வருவன்னு பாத்தனே, என் அக்கா! இப்படித் தூக்கிகினு போறாங்களே!”

அது நடிப்பு இல்லை.  அவர் தன் அப்பா இறந்தபோதுகூட இப்படி அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை.

“கட்! கட்!” பிரவின்குமார் ஓடிவந்தார். “ஒருத்தர் அப்பா, ஒருத்தர் மகன்! வாயசைவு தெரியும்ல? யாரும்மா அது அக்கா? எண்பது வயசுக் கிழவியப் போய் அக்காங்கறீங்க!”

சொன்ன பிறகுதான் அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கெழவியா?” என்றார் தனம் அத்தை. “அப்ப ஆயான்னு அழுவணும். இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாங்க?”

அம்மா கண்ணீரோடு சிரித்தார். சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அடுத்த தடவை பாடை நகர்ந்தபோது நாற்பத்தொன்பது பேர் “ஆயா” என்று கதற, அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். பிறகு அங்கிருந்தும் எடுத்துவிட்டு, ஒரு ஓரமாக உட்காரச் சொன்னார்கள். படத்தில் அவர் முகம் வராது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. இரண்டு பொட்டலம் சாம்பார் சாதம் சாப்பிட்டார்.

திரும்பும்போது வேனில் எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டு வந்தவர், பாதி வழியில் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“ஏண்டி, இந்தப் பாகம் எத்தினி வருசம் கழிச்சி நடக்குது?”

“தெரியலம்மா. சொல்லல.”

“அம்பது அறுவது வருசம் கழிச்சின்னா? அங்காயிக்கே எண்பது ஆயிருக்குமே?”

 தனம் அத்தை முன்சீட்டிலிருந்து திரும்பினார். “எண்பது வரைக்கும் இருந்துட்டுப் போனா கல்யாணச் சாவுடி. இதுக்கு மேல அவ என்னா பண்ணணுங்கிற?”

 வேன் எங்கள் தெருவில் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினோம். அம்மா மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

“எண்பது வரைக்கும் இருந்தான்னா, அந்தக் கதவத் தாண்டி வெளிய வந்திருக்கான்னுதான அர்த்தம்?” என்றார் என்னைப் பார்த்து. “எந்த வழியாடி வந்தா?”